எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: முடிவெடுத்தலின் நான்கு கூறுகள்

முன்னுரை

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்ற கேள்வி நம் வீடுகளுக்குள் பல வாசல்கள் வழியே நுழைகிறது. வரன் தட்டிப்போன வீட்டில் அது தோற்றத்தின் கேள்வி. இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகும் வீட்டில் நோயின் கேள்வி. குழந்தைப் பேற்றுக்காக மருத்துவம் பார்க்கும் வீட்டில் காலத்தின் கேள்வி. எந்த வாசல் வழியே வந்தது என்று பார்க்காமல் சொல்லும் விடை எதுவும் பிழைபடும்.

2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள். இவர்களுள் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் ஒரு சிறு பகுதியினரே. அந்தச் சிறு பகுதியினர் யார், அவர்கள் எதை நிறுத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்காகப் பகுக்கிறது. அப்பகுப்பையே இங்குச் சட்டகமாகக் கொள்ளலாம். மருந்தின் இயல்பு தெரியாமல் மற்ற மூன்றையும் எடைபோட இயலாது என்பதால் அது முதலில் வைக்கப்படுகிறது. நான்காம் கூறாகிய பேணுபவரை நம் மருத்துவ ஆலோசனைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. முடிவின் சுமையை அக்கூறே பெரிதும் தாங்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. மருந்து

1.1 வரலாறு

1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மருத்துவர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியைச் செரிமானப் பாதையிலிருந்து ஒதுக்கும் முறையை வெளியிட்டார்கள். எடை இறங்கியது. ஆனால் காலப்போக்கில் கல்லீரல் பழுதும் சிறுநீரகக் கல்லும் சத்துக் குறைபாடும் தலைகாட்ட, அம்முறை கைவிடப்பட்டது. குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிவதைக் கவனித்த அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோவுடன் இணைந்து 1966இல் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கினார். 1990களில் அது லேப்ராஸ்கோப்பி வழியே, சிறு துளைகள் மூலம் செய்யப்படலாயிற்று. முதல் தலைமுறை விட்டுச்சென்ற பாடம் இன்றும் பொருந்துகிறது: தராசில் முள் இறங்குவதை மட்டும் வெற்றி என்று எண்ணக்கூடாது.

1.2 இயங்கும் முறை

இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலானது வெட்டி அகற்றப்பட்டு, வாழைப்பழம் போன்ற குழல் மட்டும் எஞ்சுகிறது. அகற்றியதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள்.

இதை வயிற்றைச் சுருக்குதல் என்று மட்டும் புரிந்துகொள்வது பாதி உண்மை. பசியைத் தூண்டும் கிரெலின் இயக்குநீர் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அப்பகுதியே போய்விடுகிறது. உணவு சிறுகுடலை விரைந்து அடைவதால் ஜி.எல்.பி.-1 போன்ற, நிறைவுணர்வு தரும் இயக்குநீர்கள் கூடுகின்றன. எடை கணிசமாக இறங்கும் முன்பே சிலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருவதற்கு இம்மாற்றமும் ஒரு காரணம். தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்ஷன் இதனின்றும் வேறானது. அது உடலைச் செதுக்கும் அழகுச் சிகிச்சை. பருமனால் வரும் நோய்களுக்கு மருந்தாகாது.

1.3 பயனும் அதன் எல்லையும்

நீண்ட காலச் சான்றுகளுள் தலையாயது 1987இல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வு. அறுவை செய்துகொண்ட 2,010 பேரும் வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரும் அதில் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டார்கள். பத்தாண்டு முடிவில் பைபாஸ் செய்துகொண்டோர் தங்கள் பழைய எடையில் சராசரியாக 25 விழுக்காடு குறைந்திருந்தார்கள். 2020இல் வெளியான தொடர் முடிவுகளின்படி, அறுவை செய்துகொண்டோரின் ஆயுள் மற்ற பிரிவினருடையதைவிடச் சராசரியாக 3 ஆண்டு கூடுதல். ஆனாலும் பொதுமக்களின் ஆயுளைவிட 5.5 ஆண்டு குறைவு.

இதை நம் கணக்கில் பார்ப்போம். 110 கிலோ எடையுள்ளவர் 25 விழுக்காடு இழந்தால் பத்தாண்டுக்குப் பின் ஏறத்தாழ 82 கிலோவில் நிற்பார். சுகரும் மூட்டு வலியும் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் தொல்லையும் உள்ளவருக்கு அந்த 28 கிலோ பெரும் விடுதலை. கல்யாணப் புகைப்படத்தை மனத்தில் வைத்து மேசையில் படுத்தவருக்கோ அதே 82 கிலோ ஏமாற்றம். ஒரே விளைவை ஒருவர் வரமாகவும் இன்னொருவர் தோல்வியாகவும் காண்பது, எந்த வாசல் வழியே வந்தார்கள் என்பதால்தான்.

சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 150 பேரிடம் நடந்த ஆய்வு குறிப்பிடத்தக்கது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு 6 அல்லது அதற்குக் கீழ் என்ற இலக்கை, ஐந்தாண்டு முடிவில் பைபாஸ் பிரிவில் 29 விழுக்காட்டினரும் ஸ்லீவ் பிரிவில் 23 விழுக்காட்டினரும் எட்டியிருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் எட்டியவர்கள் 5 விழுக்காட்டினர். அறுவையின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அறுவை செய்துகொண்டவர்களிலும் பெரும்பான்மையினர் அந்த இலக்கை எட்டவில்லை. “சுகர் போயே போய்விடும்” என்ற விளம்பரச் சொல்லை இவ்விரு உண்மைகளையும் சேர்த்துவைத்தே மதிப்பிட வேண்டும்.

1.4 ஊசி மருந்துகள்

சில ஆண்டுகளுக்கு முன் இல்லாத ஒரு மாற்று இப்போது இருக்கிறது. வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு ஊசி 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்தது 2021இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. டிர்செபடைடின் உயர்ந்த அளவு 72 வாரத்தில் ஏறத்தாழ 21 விழுக்காடு வரை குறைத்தது. இவை முறையே வெகோவி, மவுஞ்சாரோ என்ற பெயர்களில் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே ஊசியா, கத்தியா என்பது தொடர்ந்து செலவழிக்கும் ஆற்றலையும் தொடர்ந்து பேணும் ஆற்றலையும் ஒப்பிடும் கேள்வி. பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீடு மிக உயர்ந்த நிலையில் இல்லாதவர், மருத்துவர் மேற்பார்வையில் முதலில் ஊசியை முயன்று பார்ப்பதில் பிழையில்லை.

2. நோயாளி

2.1 அளவுகோல்

எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் 1991இல் வகுத்த வரம்பு 40. பருமனால் வந்த நோய்கள் இருந்தால் 35. நம் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் 37.5, நோய்கள் இருந்தால் 32.5 என்ற வரம்பைப் பின்பற்றிவந்தார்கள். 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் ஆசியர்களுக்கு வரம்பை 27.5 வரை தளர்த்தின.

160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 27.5 என்பது ஏறத்தாழ 70 கிலோ, 32.5 என்பது 83 கிலோ, 37.5 என்பது 96 கிலோ. வரம்புக்குள் வருவது அறுவையைப் பற்றிப் பேசத் தகுதி தருகிறது, செய்துகொள்ளக் கட்டளையிடவில்லை. 70 கிலோ எடையும் கட்டுக்கடங்காத சுகரும் உள்ளவருக்கு அது பேசவேண்டிய பேச்சு. 70 கிலோவோடு நோயின்றி நடமாடும் இளம்பெண்ணுக்கு அது தேவையற்ற பேச்சு.

2.2 காப்பீடு

மருத்துவ வரம்பு தளர்ந்த அளவுக்குக் காப்பீட்டு வரம்பு தளரவில்லை. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதி பி.எம்.ஐ. 40ஐக் கேட்கிறது, கட்டுக்கடங்காத சுகர், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை போன்றவை இருந்தால் 35. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். எளிய வழிகளை முயன்று பலனின்றிப் போயிருக்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ளவர் 70 கிலோவிலேயே மருத்துவத் தகுதி பெற்றாலும், காப்பீட்டுப் பணம் பெற 90 கிலோவேனும் இருந்தாக வேண்டும். பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

2.3 தள்ளிவைக்க வேண்டியவர்கள்

ஓராண்டுக்குள் கருத்தரிக்க எண்ணும் பெண்கள், குடிப்பழக்கத்திலிருந்து மீளாதவர்கள், சிகிச்சை பெறாத மனச்சோர்வோ கட்டுமீறி உண்ணும் கோளாறோ உடையவர்கள், எடைக்குக் காரணமான இயக்குநீர்க் கோளாறு இன்னும் ஆராயப்படாதவர்கள் ஆகியோர் பொறுத்திருக்க வேண்டும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். எடை வேகமாகக் குறையும் அக்காலத்தில் கருவுக்குச் சத்து போதாமல் போகலாம்.

3. மருத்துவர்

அமெரிக்காவில் 4,776 பேரை உட்படுத்திய ஓர் ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தோர் 0.3 விழுக்காட்டினர். மரணம், இரத்த உறைவு, மறு அறுவை முதலிய பெருங்கேடுகளுள் ஒன்றையேனும் சந்தித்தோர் 4.3 விழுக்காட்டினர். தேர்ந்த மையங்களின் கணக்கு இது. அறுவை அரங்கு இருக்கும் இடமெல்லாம் இதே கணக்கு பொருந்தாது. 2024இல் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்ததும், அரசு விசாரணைக்குப் பின் அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டதும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியவை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. இந்த அறுவையை இதுவரை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? இதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவும் இரவில் மயக்க மருந்து நிபுணரும் உண்டா? எனக்கு ஸ்லீவா, பைபாஸா, ஏன்? தையலில் கசிவு ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்? மூன்றாம் கேள்விக்கான விடை பெரிதும் நெஞ்செரிச்சலைச் சார்ந்தது. சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில், முன்பே எதுக்களிப்பு இருந்தவர்களுள் ஸ்லீவுக்குப் பின் அது மோசமானோர் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர். பைபாஸுக்குப் பின் 6 விழுக்காட்டினர். எண்டோஸ்கோப்பி கூடச் செய்து பார்க்காமல் எல்லோருக்கும் ஸ்லீவ் என்று சொல்பவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளக் கூடாது. தள்ளுபடி விலையும் ‘இந்த மாதம் மட்டும்’ என்ற சலுகையும் நகைக்கடைக்குப் பொருந்தும். அறுவை அரங்குக்குப் பொருந்தா.

4. பேணுபவர்

அறுவை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேணுதல் ஆயுள் முழுதும் தொடரும். முதல் வாரங்களில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம். ஆனால் தட்டின் வரிசை மாறிவிடுகிறது. முட்டை, மீன், பருப்பு, தயிர் முதலில். சோறு கடைசியில், இடமிருந்தால். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சேர வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். சோற்றை மலையாகக் குவித்துக் குழம்புக்குக் குழி பறித்த கை மூன்று கவளத்தோடு நிற்க வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் நாள்தோறும். இரத்தப் பரிசோதனை ஆண்டுதோறும். வாந்தி விடாமல் தொடர்ந்தால் தயமின் என்னும் வைட்டமின் குறைந்து மூளையே பாதிக்கப்படலாம் என்பதால் அதை வீட்டு வைத்தியத்தில் தள்ளிப்போடக் கூடாது.

இவற்றை நோயாளி தனியாகச் செய்ய முடிவதில்லை. நம் வீடுகளில் அன்பின் அளவு கரண்டி. “என்ன இது, குருவி கொத்துற மாதிரி? இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கடா” என்னும் அம்மாவும், பந்தியில் கேட்காமலேயே இலையில் ஜாங்கிரி வைக்கும் மாமாவும் தீங்கு நினைப்பவர்கள் அல்லர். ஆனால் பைபாஸ் செய்தவர் அந்த ஜாங்கிரியை விழுங்கினால் சற்று நேரத்தில் வியர்த்து, படபடத்து, வயிறு கலங்கி எழுந்து போகவேண்டி வரலாம். ஸ்லீவ் செய்தவருக்கோ பாயசமும் ஐஸ்கிரீமும் பழச்சாறும் தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். எடை திரும்பும் வழிகளுள் அது ஒன்று.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொட்டத் தொடங்கும். பெரும்பாலும் மீண்டும் வளரும். வயிற்றிலும் கைகளிலும் தோல் தொங்கும். “என்ன, இளைச்சுப் போயிட்டே, உடம்புக்கு ஏதாவதா?” என்று ஊர் கேட்கும். மது விரைவாக இரத்தத்தில் ஏறும். பைபாஸுக்குப் பின் குடிநோய் கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவற்றையெல்லாம் உடனிருந்து தாங்கும் ஒருவர், தாயோ கணவனோ மனைவியோ நண்பரோ, முதல் ஆலோசனைக்கே உடன் வந்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் வரும் உறவினரை இக்கூறில் சேர்க்க இயலாது.

5. நான்கையும் சேர்த்து நிறுத்தல்

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பருமனால் வந்த நோய் உறுதிப்பட்டு, உணவும் உடற்பயிற்சியும் மருந்தும் முறையாக முயலப்பட்டு, தேர்ந்த மையமும் பேணும் துணையும் அமைந்தவர் தயங்க வேண்டியதில்லை. அவரைச் சோம்பேறி என்றும் குறுக்குவழி தேடுபவர் என்றும் ஏசுவது, இன்சுலின் போடுபவரை ஏசுவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, நோய் இருந்து துணை அமையாதவர் அறுவையை மறுக்க வேண்டாம். ஆறு மாதம் தள்ளிவைத்து அத்துணையைக் கட்டமைக்கலாம். அந்த ஆறு மாதமும் புரதத்தை முதலில் உண்டு, தண்ணீரைத் தள்ளிக் குடித்து, மாத்திரையைத் தவறாமல் போட்டுப் பார்க்கலாம். அது செலவில்லாத ஒத்திகை. மூன்றாவது, நோயின்றித் தோற்றத்துக்காக மட்டும் கேட்பவருக்கு, குறிப்பாகப் பிறர் வற்புறுத்தலால் வருபவருக்கு, விடை ‘வேண்டாம்’ என்பதே.

முடிவுரை

மருந்தின் ஆற்றல் நிறுவப்பட்டுவிட்டது. நோயாளியின் தகுதியை எண்களால் அளக்கலாம். மருத்துவரைக் கேள்விகளால் சோதிக்கலாம். பேணுபவரை அளக்கக் கருவி இல்லை. வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன், பத்தாண்டு கழித்து என் இரத்தப் பரிசோதனைச் சீட்டை நினைவூட்டப்போகிறவர் யார் என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு ஒரு பெயர் விடையாக வந்தால் நாள் குறிக்கலாம். வராவிட்டால் முதலில் அந்தப் பெயரைத் தேட வேண்டும்.