திருவரங்க மாளிகையார்

1323இல் டில்லிப் படை நெருங்கியபோது, ஸ்ரீரங்கத்து உற்சவர் அழகிய மணவாளர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். உடன் சென்ற வைணவ ஆசாரியர் பிள்ளை உலகாசிரியர் மதுரை ஆனைமலைக்குப் பின்புறம் ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாளின் பயணம் அழகர்கோயில், கோழிக்கோடு, திருக்கணாம்பி, மேல்கோட்டை, திருமலை என நீண்டது.

உற்சவர் இல்லை என்று பூஜையை எத்தனை காலம் நிறுத்தி வைப்பது? ஊரார் புதிதாக ஓர் உற்சவத் திருமேனி செய்து எழுந்தருளப் பண்ணினார்கள். அவருக்கும் அழகிய மணவாளர் என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு அவர்தான் பெருமாள்.

1371இல் விஜயநகரத்தின் கோபணார்யர் செஞ்சியிலிருந்து பழைய உற்சவரைத் திரும்ப அழைத்து வந்தார். கோயிலில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. முன்பு சேவித்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வந்தவர்தானா அவர் என்று எப்படி உறுதி செய்வது? கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்வது இது: பெருமாளின் ஆடைகளை வெளுத்துவந்த முதியவர் ஒருவர் இருந்தார், ஈரங்கொல்லி என்பார்கள். கண் பார்வை போய்விட்டது. இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து ஈர ஆடையின் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். சுவைத்துப் பார்த்தவர், வந்தவரே நம்பெருமாள் என்றார். அதுமுதல் அந்தப் பெயரே நிலைத்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். பெருமாள் இல்லாத இடத்துக்கு மாற்றுத் திருமேனி செய்ய முடிந்தது. அந்த முதியவரின் நாவுக்கு மாற்று இல்லை. அவர் முந்தைய ஆண்டே காலமாகியிருந்தால்? ஒருவரிடம் மட்டும் இருக்கும் தொழிலறிவை இன்னொருவருக்குக் கற்றுத்தராமல் விட்டால், எத்தனை பெரிய நிறுவனமும் ஒரு மனிதரின் ஆயுளை நம்பித்தான் நிற்கவேண்டும். தீட்டு வந்தால் அர்ச்சகர் சந்நிதிக்குள் வரக்கூடாது என்பதால், முறையைப் பார்க்க இன்னொருவர் தேறியிருக்க வேண்டும் என்பது கோயில்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். விடுப்பில் போகிறவரின் வேலையைப் பார்க்க ‘லீவ் ரிசர்வ்’ என்று தனியாக ஆள்கணக்கு வைக்கும் ரயில்வேக்கும் அது தெரியும்.

மாற்றாக இருந்த அந்தத் திருமேனியைக் கோயில் நடத்திய விதம்தான் இதில் பெரியது. உரியவர் திரும்பியதும் அவரை ஒதுக்கி மூலையில் வைக்கவில்லை. திருவரங்க மாளிகையார் என்று தனிப்பெயர் தந்து, யாகசாலைக்கு எழுந்தருளும் யாகபேரர் என்ற நிரந்தரப் பொறுப்பையும் தந்தார்கள். அலுவலகங்களில் பக்கத்து மேசை வேலையைக் கற்க ஆட்கள் ஏன் தயங்குகிறார்கள்? கற்றால் சுமை இரட்டிப்பாகும், உரியவர் வந்தபின் செய்தவரை ஒருவரும் நினைக்கமாட்டார்கள் என்ற பயம்தான். மாளிகையாருக்கு அந்தக் கதி வரவில்லை. பிரம்மோற்சவ நாள்களில் இன்றும் யாகசாலைக்கு எழுந்தருள்பவர் அவர்தான்.