அதிர்வு சொல்லும் எச்சரிக்கை: சயானோ மின்நிலையம் தரும் பாடம்

2009 ஆகஸ்ட் 17 காலை. ரஷ்யாவின் சைபீரியாவில், யெனிசி ஆற்றின் மீதுள்ள சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் இரண்டாம் எண் டர்பைனின் மூடி பிய்த்தெறியப்பட்டது. இயந்திரக் கூடத்துக்குள் வெள்ளம் பாய்ந்தது. 75 பேர் உயிரிழந்தனர்.

மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தொடர் அதிர்வால் வலுவிழந்திருந்தன. ஆய்வு செய்யப்பட்ட 49 போல்ட்டுகளில் 41-ல் பழைய விரிசல்கள் காணப்பட்டன. அப்படியானால் அதிர்வை முன்பே அளந்திருக்க முடியாதா? முடியும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, பேரிங்கின் மேற்கூட்டில் அதிர்வு சென்சாரைப் பொருத்துவது. அதிலுள்ள படிகம் அதிர்வுக்கேற்ப சிறிய மின்னழுத்தத்தைத் தரும். நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும் தண்டு, நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. அதன் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் நொடிக்கு 50 அதிர்வுகள் ஓங்கித் தெரியும். இணைத்த இரு தண்டுகள் நேர்கோட்டில் இல்லையென்றால் பெரும்பாலும் 100-ம் சேர்ந்து உயரும். குண்டு பேரிங் தேய்ந்தால் அதைவிட வேகமான அதிர்வுகள் தோன்றும். அதாவது, அதிர்வின் அளவு பழுதின் கடுமையையும், அதன் வேகம் பழுதின் காரணத்தையும் காட்டுகின்றன.

இரண்டாவது, தண்டு இருக்கும் இடத்தை அளப்பது. பெரிய டர்பைன்களில் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழல்கிறது. உள்ளே அது ஆட்டம் கண்டாலும், கனமான வெளிக்கூடு அசையாமல் இருக்கலாம். எனவே தண்டைத் தொடாமல், மிக அருகில் ஒரு சென்சாரை வைக்கிறார்கள். அது இடைவெளி மாறுவதை மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமாகக் கூறும். செங்கோணத்தில் இரண்டை வைத்தால் தண்டு சுற்றும் பாதையையே திரையில் காணலாம். தண்டின் நீளவாக்கில் மற்றொன்றை வைத்தால், தண்டு முன்னோ பின்னோ நகர்ந்து, சுழலும் பாகம் நிலையான பாகத்தில் உரசும் ஆபத்தை முன்கூட்டியே அறியலாம்.

அளவு முதல் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலிக்கும். அடுத்த எல்லையைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். எல்லைக்குள் இருக்கும்போதும், நேற்றைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

சயானோவில் அந்த ஆண்டுதான் அதிர்வுக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அது முறைப்படி பயன்பாட்டுக்கு வரவில்லை, பணியாளர்களும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அரசு விசாரணை அறிக்கை கூறியது. கருவி எச்சரிக்கத்தான் முடியும். அதைக் கேட்டு இயந்திரத்தை நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான்.