2 வோல்ட்: சிடி ப்ளேயரும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த கதை

இந்த எபிசோட் ஒரு நம்பரைப் பத்தினது. 2 வோல்ட். சிடி ப்ளேயருக்குப் பின்னாடி சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணுன்னு ரெண்டு சாக்கெட் இருக்கும் இல்லையா, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அங்க இருந்து வெளிய வர்ற சிக்னலோட அளவு அது.

வீட்ல ஒரு சிடி ப்ளேயரையும் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் சேர்க்கலாமான்னு யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. ஒரு கோஷ்டி, "சிடி சத்தம் வறண்டு கிடக்கும், வால்வு அதுக்குக் கொஞ்சம் ஈரம் கொடுக்கும், கண்டிப்பா சேரு"ன்னு சொல்லும். இன்னொரு கோஷ்டி, "தாத்தா காலத்துப் பொருள்ல போய் டிஜிட்டலைச் சொருகுறியே"ன்னு சிரிக்கும். ரெண்டு பேரும் ருசியைப் பத்தியேதான் பேசுவாங்க. எத்தனை வோல்ட் வருது, எத்தனை வோல்ட் வேணும்னு யாரும் பேசமாட்டாங்க. என் பார்வையில இந்தக் கதையில முக்கால்வாசி அங்கதான் இருக்கு.

முதல்ல 1947, இங்கிலாந்து. வயர்லெஸ் வேர்ல்டுன்னு ஒரு பத்திரிகை. அதுல ஏப்ரல், மே இதழ்கள்ல டி. டி. என். வில்லியம்சன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு ஆம்ப்ளிஃபயர் டிசைனை வெளியிட்டார். வயசு இருபதுகளின் தொடக்கம்தான். கேடி66ங்கிற வால்வு ரெண்டு, கூடவே ரொம்பக் கவனமா சுத்தின ஒரு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர், வெளிய வர்ற சிக்னல்ல ஒரு பகுதியைத் திரும்ப உள்ள கொடுத்துத் தப்பைத் திருத்துற நெகட்டிவ் ஃபீட்பேக். 15 வாட்ஸ், 0.1 சதவீத அளவுல டிஸ்டார்ஷன். உலகம் முழுக்க ஆளுங்க வீட்ல உக்காந்து சால்டரிங் அயர்னைக் கையில எடுத்து இதைக் கட்டினாங்க. இன்னைக்கு ஓப்பன் சோர்ஸ்னு சொல்றோமே, ஏறக்குறைய அதேதான்.

"வால்வுன்னா டிஸ்டார்ஷன், அந்த டிஸ்டார்ஷன்தான் இனிமை"ன்னு ஒரு பேச்சு இருக்கு. அதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு வில்லியம்சன்தான் ஞாபகத்துக்கு வருவார். டிஸ்டார்ஷனை ஒழிக்கணும்னுதான் மனுஷன் ராப்பகலா உழைச்சிருக்கார்.

1953ல க்வாட் 2 வருது. ஹண்டிங்டன்ல இருந்த பீட்டர் வாக்கரோட கம்பெனி தயாரிச்சது. அதுலயும் கேடி66 ரெண்டு, அதே 15 வாட்ஸ். இந்த ஆம்ப் தன்னோட முழு சக்தியைக் கொடுக்க உள்ள எவ்வளவு சிக்னல் வேணும்? 1.4 வோல்ட். இந்த எண்ணைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

அந்தக் காலத்துல பெரும்பாலான கருவிகள் 1.4 வோல்ட்டை நேரடியாக் கொடுக்காது. நல்ல மேக்னடிக் பிக்கப் ஊசி இசைத்தட்டுல இருந்து எடுக்குறது சில மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்ல ஆயிரத்துல சில பங்கு. அதோட இசைத்தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைச்சு, ட்ரெபிளைத் தூக்கித்தான் வெட்டுவாங்க. 1950களின் நடுவுல அதுக்கு ஆர்ஐஏஏன்னு ஒரு பொது அளவே வந்துச்சு. கேக்கும்போது அதைத் தலைகீழாத் திருத்தணும். இந்த ரெண்டு வேலைக்கும் பவர் ஆம்புக்கு முன்னாடி ஒரு ப்ரீஆம்ப் கட்டாயம். ரேடியோ ட்யூனர், டேப் எல்லாம் இதைவிடப் பரவாயில்ல. ஆனா அதுக்கான இன்புட்டும் ஒரு வோல்ட்ல பத்துல ஒண்ணு, ரெண்டு பங்கை எதிர்பார்த்துத்தான் டிசைன் ஆச்சு.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஒரு வரியில சொல்லணும்னா, அது எழுதப்படாத ஒரு ஏபிஐ ஒப்பந்தம். "நான் மெதுவாப் பேசுவேன், நீ பெருசாக்கிக் கொடு."

வில்லியம்சன் கட்டுரை வந்த அதே 1947ல, டிசம்பர் மாசம், அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ட்ரான்சிஸ்டர் பிறந்துடுச்சு. அது வீட்டு ஆம்ப்புக்குள்ள வர பல வருஷம் ஆச்சு. க்வாடே 1967ல 303ன்னு ட்ரான்சிஸ்டர் ஆம்ப் போட்டாங்க. 1970ல க்வாட் 2 உற்பத்தி நின்னுச்சு. மேற்கு நாடுகள்ல வால்வு ஆம்ப்ங்கிறது பரணுக்குப் போற சாமான் ஆயிடுச்சு. ஜப்பான் மட்டும் விதிவிலக்கு. 1924ல இருந்து வந்துகிட்டு இருந்த முசென் டு ஜிக்கென் பத்திரிகையைப் படிச்சு வீட்லயே வால்வு ஆம்ப் கட்டுற ஒரு கூட்டம் அங்க எப்பவும் இருந்துச்சு. அமெரிக்க சினிமா தியேட்டர்கள் வேண்டாம்னு தள்ளின வெஸ்டர்ன் எலக்ட்ரிக் சாதனங்களைத் தேடித் தேடி வாங்கினவங்களும் அவங்கதான்.

அதே ஜப்பான்ல 1982 அக்டோபர் 1 அன்னைக்கு சோனி சிடிபி-101 விற்பனைக்கு வந்துச்சு. விலை 1,68,000 யென்.

சிடி ப்ளேயர் ஏன் அவ்வளவு சத்தமாப் பேசுது? 16 பிட்டுன்னா 65,536 படிகள். 2 வோல்ட்டைத் தோராயமா அத்தனை படியா வெட்டினா ஒரு படி சுமார் 30 மைக்ரோவோல்ட். மொத்தமே 0.2 வோல்ட்தான் கொடுப்பேன்னா ஒரு படி 3 மைக்ரோவோல்ட்டுக்கு இறங்கிடும். கேபிள்லயும் ஆம்ப்லயும் இருக்குற இரைச்சலுக்குள்ள அது காணாமப் போகலாம். அதனால பெரிய சிக்னல்ங்கிறது இன்ஜினியரிங் பார்வையில ரொம்ப நியாயமான முடிவு.

ஆனா அந்தப் பக்கம் இருக்குற பழைய ஆம்ப்புக்கு இது யாருக்குத் தெரியும்? 0.2 வோல்ட்டை எதிர்பார்த்து உக்காந்திருக்குற இன்புட்ல 2 வோல்ட் வந்தா பத்து மடங்கு. 20 டெசிபல். வால்யூம் குமிழைக் கொஞ்சம் தொட்டாலே வீடு அதிரும். குமிழோட முதல் கால் திருப்பத்துக்குள்ளயே எல்லாம் முடிஞ்சுடும். அந்த இடத்துல பல குமிழ்கள்ல இடது பக்கமும் வலது பக்கமும் சமமா இருக்காது, பாடகர் ஒரு ஓரமா நகர்ந்து நிப்பார். இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. சில பழைய ப்ரீஆம்ப்கள்ல சிக்னல் முதல்ல ஒரு வால்வுக்குள்ள போகும், வால்யூம் குமிழ் அதுக்கு அப்புறம்தான். முதல் வால்வுலயே சிக்னல் நசுங்கிடுச்சுன்னா குமிழை எவ்வளவு குறைச்சாலும் நசுங்கின சத்தம்தான் மெதுவாக் கேக்கும்.

"சிடி காதைக் கிழிக்குது"ன்னு 80கள்ல எழுந்த புகாருக்கு இது மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன். ஆரம்பகாலக் கருவிகள்லயும் கோளாறு இருந்துச்சு. 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுசா விடணும், 22,050க்கு மேல எதுவும் தப்பி வரக்கூடாதுன்னா செங்குத்தான ஒரு ஃபில்டர் வேணும். சோனி அதை அனலாக் சர்க்யூட்லயே செஞ்சுச்சு. ஃபிலிப்ஸ் வேற வழியில போச்சு. டிஏசி 14 பிட்தான், ஆனா நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் பண்ணி பாதி வேலையை டிஜிட்டல்லயே முடிச்சுகிட்டாங்க. எனக்கு ஃபிலிப்ஸ் தீர்வுதான் அழகாத் தெரியுது. கையில இருந்த சிப்போட எல்லையைக் கணக்காலயே தாண்டினாங்களே! அது போக, இசைத்தட்டுக்காகத் தயாரிச்ச டேப்பையே எடுத்து சிடியாப் போட்ட ஆல்பங்களும் உண்டு. எல்லாப் பழியும் "டிஜிட்டல்"ங்கிற ஒரே வார்த்தை மேல விழுந்துச்சு. பொருந்தாத இன்புட்டோட பங்கைப் பத்தி ரொம்பக் கம்மியாத்தான் பேசினாங்க.

இப்ப அந்த 1.4 வோல்ட்டுக்குத் திரும்புவோம். க்வாட் 2க்கு வேண்டியது 1.4. அமெரிக்காவுல 1959ல வந்த டைனாகோ ஸ்டீரியோ 70க்கு சுமார் 1.3. சிடி ப்ளேயர் கொடுக்குறது 2. நடுவுல ப்ரீஆம்ப் எதுக்கு? ஊசியோட மெல்லிய சிக்னலைத் தூக்கவும், ஆர்ஐஏஏ திருத்தவும்தானே அது வந்துச்சு? சிடியில ரெண்டு தேவையும் இல்ல. நடுவுல ஒரு வால்யூம் குமிழ் மட்டும் போதும். பாஸிவ் ப்ரீஆம்ப்னு பெரிய பேர் வெச்சாலும் டப்பாக்குள்ள இருக்குறது ஒரு பொட்டென்ஷியோமீட்டர், கூடவே ஒரு செலக்டர் ஸ்விட்ச், அவ்வளவுதான். பரணுக்குப் போன ஒரு பவர் ஆம்புக்கு, தனக்கு வேணுங்கிற அளவு சிக்னலை யார் தயவும் இல்லாமக் கொடுக்குற ஒரு வீட்டுக் கருவி கிடைச்சது. வால்வுக்கு சிடி எதிரின்னு நினைச்சவங்களுக்கு இதுல கொஞ்சம் நகைச்சுவை தெரியும்.

இதுல ஒரு பொறி இருக்கு, அது கேபிள் நீளம். 100 கிலோ ஓம் குமிழ் போட்டா அதோட அவுட்புட் இம்பீடன்ஸ் மோசமான நிலையில 25 கிலோ ஓம் வரை போகும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்குற கேபிளை 5 மீட்டருக்கு இழுத்தா, சுமார் 12,700 ஹெர்ட்ஸ்லயே சத்தம் 3 டெசிபல் இறங்கிடும். ஜால்ரா, கஞ்சிராவோட சலங்கை எல்லாம் மழுங்கும். "ஆஹா, வால்வோட மென்மை"ன்னு நாம ரசிச்சுகிட்டு இருப்போம், வேலை பார்த்தது கேபிள்! 10 கிலோ ஓம் குமிழ், ஒரு மீட்டர் கேபிள்னா இந்தப் பிரச்சினையே கிட்ட வராது.

என் வீட்ல இருக்குறது இஎல்34 வால்வு போட்ட ஒரு சின்ன இன்டக்ரேட்டட் ஆம்ப், கூட ஒரு பழைய சிடி ப்ளேயர். ஆம்ப் இன்புட்டுக்கு 0.2 வோல்ட் போதும். அதனால ரிச்சி தெருவுல வாங்கின ரெசிஸ்டர்களை வெச்சு ஒரு குட்டி அட்டென்யுவேட்டர் பண்ணேன். 9.1 கிலோ ஓம் வரிசையில, 1 கிலோ ஓம் தரைக்கு, சேனலுக்கு ரெண்டு. சிக்னல் பத்துல ஒண்ணா இறங்கிடும். டீ, வடை செலவைத் தாண்டாது. குமிழ் இப்ப காலைல எட்டு மணியில நிக்காம பதினோரு மணிக்கு வந்துடுச்சு.

நண்பர்கள் மூணு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாங்க. அட்டென்யுவேட்டர் இருந்தா, இல்லாட்டின்னு மாத்தி மாத்திப் போட்டோம். முதல் சுற்றுல எல்லாரும் "இல்லாம"ங்கிற பக்கம்தான் ஓட்டுப் போட்டாங்க. காரணம் எளிது, அது கொஞ்சம் சத்தமா இருந்துச்சு. சத்தம் கூடினது நம்ம காதுக்கு "நல்லது"ன்னு கேக்கும். அப்புறம் ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டரை வெச்சு, 200 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தோம். (1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்க உளறும்.) ரெண்டாவது சுற்றுல, மெதுவான பாட்டுகளுக்கு மூணு ஓட்டும் இந்தப் பக்கம் வந்துச்சு, குரல் நடுவுல நிக்குதுன்னு. சத்தமான பாட்டுகள்ல யாராலயும் கண்டுபிடிக்க முடியல. எனக்கு அந்த ரெண்டு முடிவுமே பிடிச்சிருந்தது.

அடுத்தது சக்தி. 15 வாட்ஸ் போதுமா? ஸ்பீக்கரைப் பொறுத்தது. 70கள்ல பிபிசி உருவாக்கின எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர்ல சுமார் 82 டெசிபல்தான் கொடுக்கும். 15 வாட்ஸ்ல உச்சம் 94 பக்கம். சின்ன ரூமுக்கு சரி, கல்யாண மண்டபத்துக்கு ஆகாது. வால்வு ஆம்ப் ரசிகர்கள் கொண்டாடுற 300பி வால்வு ஒத்தையா நின்னா 8 வாட்ஸ் கொடுக்கும், அதுக்கு 90க்கு மேல சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் பார்க்கணும். இன்னொரு விஷயமும் இருக்கு. 90கள்ல இருந்து சிடிகளைப் போட்டி போட்டுச் சத்தமா மாஸ்டர் பண்ணாங்க. உச்சம் அதே 2 வோல்ட்தான், ஆனா சராசரி அளவு மேல ஏறிடுச்சு. அதனால 1985 சிடிக்கு வெச்ச குமிழை 2005 சிடிக்கு அப்படியே விட்டுடாதீங்க.

சிடி ப்ளேயருக்குள்ளயே அவுட்புட்ல வால்வு வெச்சு விக்கிறது 80களின் நடுவுல ஆரம்பிச்ச பழக்கம். நல்லா டிசைன் பண்ணது இருக்கு. ஆனா ஆன்லைன்ல மலிவா வர்ற "ட்யூப் பஃபர்" டப்பாக்கள்ல, வால்வுக்கு அடியில ஒரு ஆரஞ்சு எல்இடி எரியுதான்னு முதல்ல பாருங்க. வால்வோட ஃபிலமெண்ட் தானாவே சிவக்கும், அதுக்கு மேக்கப் தேவையில்ல.

வாங்கப் போறவங்களுக்கு மூணே மூணு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்குறேன். வால்வு ஆம்ப்புக்குள்ள 300 வோல்ட்டுக்கு மேல டிசி ஓடும், ஸ்விட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல தங்கி இருக்கும். தெரிஞ்ச ஆள் இல்லாம மூடியைத் திறக்காதீங்க. ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணி சிக்னல் கொடுக்காதீங்க, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடலாம், அதுதான் அந்தப் பெட்டியில விலை கூடின பாகம். வாங்குறதுக்கு முன்னாடி மேனுவல்ல இன்புட் சென்சிடிவிட்டிங்கிற வரியைத் தேடிப் படிங்க.

"அண்ணா, என்கிட்ட சிடியே இல்ல, போன்தான் இருக்கு"ன்னு மெயில் போடப் போறவங்களுக்கும் பதில் இருக்கு. மேசை மேல வைக்கிற ஸ்ட்ரீமர், டிஏசி டப்பாவோட ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்டை எடுத்து, லைன் அவுட்ங்கிற இடத்துல பாருங்க. பெரும்பாலும் 2 வோல்ட்னு போட்டிருக்கும்.