ஆனையிறவில் இறங்குவோம்: பங்குனி, சித்திரையில் ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் பஸ் இயக்கச்சியைத் தாண்டினால் என் அம்மா யன்னல் சீலையை இழுத்துவிடுவார். ஆனையிறவு முடிந்து பரந்தன் வந்த பிறகுதான் சீலை விலகும். கடந்த பங்குனியில், "ஒருக்கா இறங்கிப் பாப்பமே அம்மா" என்று கேட்டேன்.

"அங்க இறங்கி என்னத்தைப் பாக்கப் போறாய் பிள்ளை? உப்பும் வெயிலும்தானே" என்றார். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பூநாரை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால்தான் ஒத்துக்கொண்டார்.

எங்களில் பலருக்கு ஆனையிறவு என்றால் சமர்களின் பெயர். 1991, 2000, 2009 என்று ஆண்டுகளாகவே அது மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்னரும் அது ஓர் இடமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்வர விரும்புகிறவர்களுக்காக, நான் போய்ப் பார்த்தவற்றையும் அறிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

எப்போது, எப்படி?

மாசிக் கடைசி முதல் சித்திரை நடுப்பகுதி வரை நல்ல காலம். மாரி மழை ஓய்ந்து, கடல்நீரேரியின் தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கியிருக்கும். வெயில் கடுமைதான். அதனால் விடியற்காலை போங்கள், அல்லது பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள். நடுப்பகலில் அங்கே ஒதுங்குவதற்கு மரநிழல் குறைவு.

ஆனையிறவு ஏ9 வீதியில், கிளிநொச்சி நகரிலிருந்து சுமார் 15 கிலோமீற்றரிலும் யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 50 கிலோமீற்றரிலும் இருக்கிறது. இரு பக்கமிருந்தும் பஸ் உண்டு. போர்க்காலத்தில் நின்றுபோன ரயில் 2014 இல் மீண்டும் இந்த வழியால் ஓடத் தொடங்கியது. ஆனையிறவில் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பூநாரைகள்

கார்த்திகை அளவில் வரும் பறவைகளில் பெரும்பாலானவை பங்குனிக்குள் திரும்பிவிடும். நாங்கள் போனபோது வீதியிலிருந்து தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தண்ணீரில் தெரிந்தது. கோடு அசைந்தபோதுதான் அது பூநாரைக் கூட்டம் என்று பிள்ளைகளுக்கு விளங்கியது. அவை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்துச் சேற்றை வடித்து உண்பவை. உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருளே அவற்றின் சிவப்புக்குக் காரணம். கூடவே நாரைகளும் கரண்டிவாயன்களும் ஆலாக்களும் நின்றன.

ஒரு தொலைநோக்கி இருந்தால் நல்லது. கிட்டப் போகவோ கத்தவோ கல்லெறியவோ வேண்டாம். ஒருமுறை கலைந்தால் நெடுந்தூரம் போய்விடும். இன்னும் பார்க்க விரும்புகிறவர்கள் கிழக்கே சுண்டிக்குளம் போகலாம். 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2015 இல் தேசியப் பூங்காவானது.

உப்பு விளையும் நிலம்

ஆனையிறவு உப்பளமும் 1938 இல்தான் தொடங்கியது. இங்கே விளைந்த உப்பு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கும் போனது. அங்கே அதிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்தார்கள். 1990 இல் போர் உப்பளத்தை நிறுத்தியது. போருக்குப் பிறகு பாத்திகள் மீண்டும் உயிர்பெற்று, 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. உப்பு 'ரஜ லுணு' என்ற பெயரில் வந்தபோது, அது ஆனையிறவின் பெயரிலேயே வர வேண்டும் என்ற குரல் இங்கே எழுந்தது. ஓர் ஊரின் பெயர் சமரோடு மட்டுமல்லாமல் சமையலறையிலும் இருக்க வேண்டும் என்று மக்கள் விரும்புவதில் வியப்பில்லை.

பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடுவார்கள். முதலில் ஜிப்சம் படியும். அடுத்த பாத்திகளில்தான் உப்புப் பளிங்குகள் விளையும். எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட்டு உப்பை வாரிக் குவிப்பார்கள். வீதியில் நின்றே வெண்குவியல்களைப் பார்க்கலாம். பாத்திகளுக்குள் போவதென்றால் அனுமதி கேளுங்கள். அது வேலைத்தளம். எரிக்கும் உப்பில் வெயிலோடு நிற்கும் தொழிலாளரை அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பெயரும் கோட்டையும்

வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பால் குடாநாட்டுக்குக் கடத்திச் சென்றதால் ஆனையிறவு என்று பெயர் வந்தது என்பர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அந்த யானைகளை யாழ்ப்பாணத்தில் விற்றார்கள். இங்கே இருந்த சிறிய ஒல்லாந்தர் கோட்டை பின்னர் வாடிவீடாக மாறியது. நீரேரியைப் பார்த்தபடி அங்கே தேநீர் குடித்த கதையை எங்கள் ஊர் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வீதியோரத்தில் இப்போது இராணுவ வெற்றிச் சின்னங்கள் நிற்கின்றன. 1991 சமரின் கவச புல்டோசர் அவற்றில் ஒன்று. தெற்கிலிருந்து வரும் பஸ்கள் அங்கே நிற்கும், ஆட்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். 2023 இல் கரைச்சிப் பிரதேச சபை நிறுவிய நடராசர் சிலையும் ஏ9 ஓரத்தில் இருக்கிறது. எங்கே இறங்குவது, எங்கே இறங்காமல் போவது என்பது உங்கள் மனதைப் பொறுத்தது. நாங்கள் புல்டோசரடியில் நிற்கவில்லை.

ஆனால் அம்மா வேறோர் இடத்தில் நின்றார். கிழக்கே நீரேரியைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் கொம்படி" என்றார். 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபோது சனம் கொம்படி, ஊரியான் வழியாகத்தான் தண்ணீரையும் சேற்றையும் கடந்தது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் அதைக் கடந்த கதையை அம்மா அதுவரை முழுதாகச் சொன்னதில்லை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னார்: "உங்கட சித்தி அண்டைக்கு அழவே இல்லை. நான்தான் அழுதனான்." அப்படிக் கடந்தவர்களுக்கான ஒரு பலகையை நான் இந்த வழியில் கண்டதில்லை. அந்த இடத்தைக் காட்டித்தர எங்கள் வீடுகளில் இருக்கும் முதியவர்கள்தான் இருக்கிறார்கள். முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வர விருப்பமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம்.

பொங்கலும் கூத்தும்

இந்தக் காலத்தில் போவதற்கு இன்னொரு காரணம் கோயில்கள். கண்டாவளைப் பக்கம் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலின் பங்குனி உத்திரப் பொங்கலுக்கு வன்னி முழுவதிலுமிருந்து சனம் வரும். நேர்த்திக்கடன், காவடி, இரவிரவாகப் பொங்கல் என்று ஊரே விழித்திருக்கும். கச்சான் கடை, வளையல் கடை, விளையாட்டுச் சாமான் கடை எல்லாம் இருக்கும். கோயில்களில் காத்தவராயன் கூத்து நடந்தால் தவறவிடாதீர்கள். சிந்து நடையில் பாடி ஆடும் அந்தக் கூத்துக்குப் பாய் கொண்டுபோய் மண்ணில் இருந்து பார்ப்பதுதான் சுகம்.

சித்திரை வருடப் பிறப்பையொட்டிப் பல ஊர்களில் மாட்டுவண்டிச் சவாரி, கிளித்தட்டு, போர்த்தேங்காய் என்று விளையாட்டுகள் நடக்கும். அதைத் தாண்டியும் மனமிருந்தால் வைகாசி விசாகத்துக்கு முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் இருக்கிறது. அங்கே உப்புநீரில் விளக்கெரியும் என்பது ஐதீகம்.

கவனிக்க வேண்டியவை

தண்ணீர், தொப்பி, குடை, பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு கட்டாயம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது, இல்லாவிட்டால் பரந்தனிலோ பளையிலோ சாப்பிடலாம். பிள்ளைகள் ஓடி விளையாட இயக்கச்சியில் றீச்சா பண்ணை இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது: பாவனையில் உள்ள பாதையை விட்டு விலகாதீர்கள். மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை கண்டால் அங்கிருந்தே திரும்புங்கள். நிலத்தில் கிடக்கும் எந்த இரும்புத் துண்டையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிச் செல்லுங்கள். பொலித்தீனையும் போத்தலையும் திருப்பி எடுத்து வாருங்கள்.

பொழுதுபட்டு நாங்கள் பஸ் ஏறினோம். இடம் கிடைத்ததும் அம்மா மடியில் சின்னவனை இருத்திக்கொண்டு கேட்டார்: "புளியம்பொக்கணைப் பொங்கல் அடுத்த வருசம் எண்டைக்கு வருது?" பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "பாத்துச் சொல்லு. நேர்த்தி ஒண்டு கிடக்கு. ஆனா வெள்ளன வெளிக்கிட வேணும், வெயில் ஏற முதல்."