மணியோசையும் எட்டு வார வகுப்பும்

பள்ளி நாள் காலை ஆறரை மணி. இட்லித் தட்டை இறக்க வேண்டும், சட்னி அரைக்க வேண்டும், மூத்ததை எழுப்பிப் பல் தேய்க்க அனுப்ப வேண்டும், இளையதின் ஒற்றைக் காலுறையைத் தேட வேண்டும். எல்லாம் ஏழே முக்காலுக்கு வேன் ஹாரன் அடிப்பதற்குள் முடிய வேண்டும். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கும் பெற்றோரிடம் போய் “நிதானமாக இருங்கள்” என்று சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். ஆனாலும் பரபரப்புக்கு நடுவே கவனத்தோடு வாழ்வது எப்படி என்று கடந்த அரை நூற்றாண்டில் ஆழமாக யோசித்துச் சொன்னவர்கள் இருவர் உண்டு. ஒருவர் வியட்நாமிய ஜென் துறவி திக் நாட் ஹான். மற்றவர் அமெரிக்க அறிவியலாளர் ஜான் கபாட்-ஜின். இந்தக் கவன வாழ்வு, அதாவது ‘மைண்ட்ஃபுல்னெஸ்’, உலகெங்கும் பரவியதில் இருவருக்கும் பெரும் பங்குண்டு. நம் வீட்டின் அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு யாருடைய வழி கைகொடுக்கும் என்பதே இந்த ஒப்பாய்வின் கேள்வி.

பிறந்த இடம்

திக் நாட் ஹானின் (1926–2022) வழி வியட்நாம் போரில் வளர்ந்தது. குண்டு வீச்சில் சிதைந்த கிராமங்களில் வேலை செய்ய இளைஞர்களைத் திரட்டிச் சமூகப் பணிப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். நாடு திரும்ப முடியாமல் பிரான்சில் இருந்தபோது, 1974இல், அப்பள்ளியின் பொறுப்பாளர் ஒருவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதுவே ‘தி மிராக்கிள் ஆஃப் மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற நூலாயிற்று. நூலின் தொடக்கத்திலேயே வருபவர் ஒரு குடும்பஸ்தர், இரண்டு குழந்தைகளின் தகப்பன். ‘எனக்கென்று நேரமே இல்லை’ என்ற தவிப்பை அவர் கடந்த விதத்திலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. உட்கார நேரமில்லாதவர்களுக்காக எழுதப்பட்ட முறை அது.

கபாட்-ஜின்னின் வழி மருத்துவமனையில் பிறந்தது. மூலக்கூறு உயிரியலில் 1971இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கினார். தீராத வலியோடு அலைந்த நோயாளிகள் அங்கே வந்தார்கள். எட்டு வாரப் பயிற்சி, வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் வாரம் ஆறு நாள், நாளுக்கு 45 நிமிடம். மனைவி மைலாவோடு சேர்ந்து 1997இல் பெற்றோருக்கென்றே ‘எவ்ரிடே பிளெஸ்ஸிங்ஸ்’ என்ற நூலையும் எழுதினார். துறவிக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தத் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள்.

இருவரும் போட்டியாளர்கள் அல்லர். கபாட்-ஜின்னின் 1990ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை தந்தவர் திக் நாட் ஹான். நோக்கம் ஒன்று, நுழைவாயில்தான் வேறு.

வெளியே ஒரு மணி, உள்ளே ஒரு மணி

பிரான்சில் 1982இல் திக் நாட் ஹான் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தில் மணி ஒலித்தால் எல்லோரும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்துவார்கள். காய் நறுக்கும் கை நிற்கும், பேச்சு பாதியில் நிற்கும். சில மூச்சு கவனித்துவிட்டுத் தொடர்வார்கள். தொலைபேசி ஒலித்தாலும் இதே கதைதான்.

நம் வீட்டு மணி எது? குக்கர் விசில் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது சரிப்படாது. விசிலை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம், மூன்றாவது வந்ததும் கை அடுப்பை அணைக்கப் போய்விடும். அது வேலைக்கான கட்டளை. அடுப்பை அணைத்த பிறகு பிரஷர் அடங்கும் வரை உள்ள நேரம்தான் தோது. எவ்வளவு அவசரமானாலும் மூடியைத் திறக்க முடியாது. அதற்குள் அடுத்த வேலைக்கு ஓடாமல், நின்ற இடத்திலேயே மூன்று மூச்சு இழுத்துவிடலாம். கூடுதல் நேரம் கேட்காது.

கபாட்-ஜின் வெளி மணியைவிட உடம்பை நம்புகிறார். தோள் காதுவரை ஏறியிருக்கிறதா, பல் கடிபட்டிருக்கிறதா, மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டதா? படுத்தபடி கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிக்கும் நீண்ட பயிற்சி, இந்த அறிகுறிகளை முன்கூட்டியே பிடிக்கப் பழக்குகிறது. பழகாதவருக்குக் கத்திய பிறகுதான் கோபம் வந்தது தெரியும். பழகியவருக்குக் கத்துவதற்கு முன்பே தெரிய வாய்ப்புண்டு. இந்த ஒரு விஷயத்தில் கபாட்-ஜின்னின் பக்கம் தராசு தாழ்கிறது. அவருடைய முறையை ஒட்டி ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவர் மனச்சோர்வு திரும்பாமல் தடுக்க ஒரு பயிற்சியை வகுத்து 2002இல் நூலாக்கினார்கள். அதில் மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று உண்டு: இப்போது மனத்தில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பது, மூச்சுக்கு வருவது, பிறகு கவனத்தை உடம்பு முழுவதற்கும் விரிப்பது. பிள்ளைகளை எழுப்பப் போகும் முன் செய்ய ஏற்றது.

இரட்டைச் சடை

இரண்டு வழிகளையும் ஒரே வேலையில் வைத்துப் பார்க்கலாம். மணி ஏழேகால். மகளுக்கு இரட்டைச் சடை போட்டு ரிப்பனை மடித்துக் கட்டினால்தான் பள்ளிக்குள் விடுவார்கள். அம்மா ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு வகிடு எடுக்கிறாள். சிக்கில் சீப்பு மாட்டுகிறது. இழுக்கிறாள். “ஆ, வலிக்குதும்மா!” “ஆடாம நில்லுடி!” அங்கிருந்து சண்டை தொடங்கி வேன் வரை நீள்கிறது.

பாத்திரம் கழுவும்போது கழுவுவதற்காகவே கழுவ வேண்டும் என்பது திக் நாட் ஹானின் புகழ்பெற்ற பாடம். அதன்படி சடை பின்னுவது, வேன் வருவதற்கு முன் முடித்துத் தள்ள வேண்டிய தடங்கல் அல்ல. அந்த இரண்டு நிமிடத்துக்கு உலகில் வேறு வேலை இல்லை. மூன்று கால்களும் மாறி மாறி விழுவதை விரல் உணர வேண்டும். எண்ணெய் வாசம் மூக்குக்கு எட்ட வேண்டும். மாலைவரை மகளைத் தொடப்போகும் கடைசி நேரமாகக்கூட அது இருக்கலாம்.

கபாட்-ஜின் தம்பதி கவனத்தை மகளின் பக்கம் திருப்புகிறார்கள். பிள்ளையின் தன்னுரிமையை மதித்தல், அவள் நிலையில் நின்று பார்த்தல், இருப்பதை இருக்கிறபடி ஏற்றல் ஆகிய மூன்றும் அவர்கள் பெற்றோருக்கு வைக்கும் அடித்தளங்கள். தன்னுரிமை என்றால் பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுப்பது அல்ல, அவளும் ஒரு முழு ஆள் என்று நினைவில் வைப்பது. அப்படிப் பார்த்தால் ‘ஆடுகிறாள்’ என்பது அடங்காமை அல்ல, தலை வலிக்கிறது என்ற செய்தி. சிக்குக்கு மேலே முடியை இறுகப் பிடித்துக்கொண்டு கீழிருந்து சீவினால் வலி குறையும். தியானம் இங்கே சீப்பைப் பிடிக்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது.

முதல் வழி பின்னுகிறவளுக்கு அமைதி தருகிறது. இரண்டாவது வழி பின்னப்படுகிறவளுக்கு நியாயம் செய்கிறது. காலை நேரத்துக்கு இரண்டும் வேண்டும்.

எட்டாத இடம்

குறைகளும் உண்டு. திக் நாட் ஹானின் முறையை இன்றே தொடங்கலாம், ஆனால் நாளையே மறந்துபோகும். மடத்தில் நினைவூட்ட மணியும் நூறு பேரும் இருந்தார்கள், இங்கே யாருமில்லை. கபாட்-ஜின்னின் முறை வேர்பிடித்தால் நிற்கும், ஆனால் தினம் 45 நிமிடத்துக்குச் சமையலறையில் நிற்கும் அம்மா எங்கே போவாள்?

இரண்டுமே பெரிதும் பேசுவது மனத்தோடு, வேலைப் பங்கீட்டோடு அல்ல. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களே பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். இந்தக் கணக்கை மாற்றாமல் அம்மாவை மட்டும் மூச்சைக் கவனிக்கச் சொல்வது, அவள் பட்டியலில் இன்னொரு வேலையைச் சேர்ப்பதாகும்.

என் தீர்ப்பு இது. தொடங்குவதற்குத் திக் நாட் ஹான். தினமும் செய்யும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் முழுக் கவனத்தோடு செய்யுங்கள். அது பழகிய பின், கோபக்காரர்கள் கபாட்-ஜின்னின் நீண்ட பயிற்சிக்கு விடுமுறை நாள்களில் நேரம் ஒதுக்கட்டும். இரண்டுக்கும் முன்னால், அப்பாக்களே, நாளைக் காலை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு டிபன் பாக்ஸ் கட்டும் வேலையை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.