கதைக்குள் ஒரு பாட்டு

மெட்டுகுடாவில் வாழும் நமக்கு மெட்டு என்னும் சொல் இருபொருள் தருவது. தெலுங்கில் அது படி. தமிழில் அது பாட்டின் இசைநடை. கதை ஏறிச் செல்லும் படியாகவே ஒரு பாட்டு அமையுமாயின் அது எத்துணைச் சிறப்புடையது என்பதைத் திரைப்பட வரலாற்றின் துணைகொண்டு ஈண்டுச் சிறிது காண்போம்.

தமிழ்ப் பேசும்படம் பாட்டோடு பிறந்தது. எச்.எம். ரெட்டி இயக்க, டி.பி. ராஜலட்சுமி நடித்து 1931-ல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலித்தன என்பது ஐதராபாத் தமிழராகிய நமக்கு இனிக்கும் செய்தியாகும். நாடக மேடையின் வழக்கம் திரைக்கும் வந்தமையால், அக்காலப் படங்களில் பாடல்கள் மலிந்தன. அழுதாலும் பாட்டு, மகிழ்ந்தாலும் பாட்டு என்பதே நிலை.

இவ்வழக்கத்தை மறுத்து, ஏ.வி.எம். நிறுவனம் 1954-ல் 'அந்த நாள்' படத்தை ஒரு பாட்டும் இன்றி வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் வானொலிப் பொறியாளன் ஒருவன் கொலையுண்டதே கதை. அப்பொறியாளனாக நடித்தவர் சிவாஜி கணேசன். வியப்பு யாதெனில், படத்தை இயக்கிய எஸ். பாலசந்தர் வீணை வித்தகர் என்பதே. இசை அறியாதவர் பாட்டை விலக்கினாரல்லர்; இசையை நன்குணர்ந்தவரே இக்கதைக்குப் பாட்டு வேண்டா எனத் துணிந்தார்.

அவ்வாறாயின் மர்மக் கதையில் பாட்டுக்கு இடமே இல்லையோ? உண்டு என்று காட்டியது, ஆல்பிரட் ஹிட்ச்காக் 1956-ல் அளித்த 'தி மேன் ஹூ நியூ டூ மச்' என்னும் படம். அதில் டோரிஸ் டே பாடகியாயிருந்த ஒரு தாயாக வருகிறார். மகன் கடத்தப்படுகிறான், இலண்டனில் ஒரு தூதரகத்தின் மாடியறையில் அடைபட்டிருக்கிறான். கீழே விருந்தினர் நடுவில் அமர்ந்த தாய், முன்னர் மகனோடு சேர்ந்து பாடிய பாட்டையே உரத்துப் பாடுகிறாள். மேலிருந்து சீழ்க்கையாக அம்மெட்டு திரும்பி வருகிறது. பிள்ளை இருக்குமிடம் தெரிந்துவிடுகிறது. அப்பாட்டை எடுத்துவிட்டால் கதையே நடவாது. ஆஸ்கார் விருதும் பெற்ற அம்மெட்டு, அடுத்த ஆண்டே, ஜி. ராமநாதன் இசையமைத்த 'ஆரவல்லி' படத்தில் ஜிக்கியின் குரலில் தமிழுடை உடுத்தி வந்தது.

நம் மொழியிலும் இத்தகைய பாட்டு உண்டு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி மகேந்திரன் 1979-ல் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' ஆரவாரமற்ற படம். அதில் நோயுற்ற தாய் பாடுவதாக, கண்ணதாசன் எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். ஜானகி பாடிய பாட்டு ஒன்று வருகிறது. அத்தாய் பின்னர் மறைகிறாள். பாட்டோ பார்த்தவர் நெஞ்சில் தங்கிவிடுகிறது. பிள்ளைகள் இழந்தது இன்னதென்று நமக்கு உணர்த்துவது அதுவே.

சென்ற ஆண்டு ஒரு மாலை, நம் இல்லத்தில் மகள் இப்பாட்டைப் பாடக் கேட்டோம். கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தபோது, தமிழ்ச் சொற்கள் அனைத்தும் தெலுங்கெழுத்தில் இருந்தன. முதலில் நெஞ்சு கனத்தது. பள்ளியில் தமிழ் இல்லை. அலுவலகம் விட்டு வந்தபின் வீட்டில் கற்பிக்கலாம் என்று நாள்களைத் தள்ளியவர் நாமே. குற்றம் பிள்ளையினுடையதன்று.

அப்போது அவள் ஒரு சொல்லைக் காட்டி, "இதற்கு என்ன அர்த்தம் அப்பா?" என்றாள். பொருளைச் சொன்னோம், பின் அச்சொல்லைத் தமிழில் எழுதிக் காட்டினோம். மறுநாள் மற்றொரு சொல்லோடு வந்தாள்.

மாடியறையிலிருந்து சீழ்க்கை கேட்ட தாயின் மகிழ்ச்சி இன்னதென்று அன்று அறிந்தோம். அயலூரில் வாழும் பெற்றோரே, பாடுவதை நிறுத்தாதீர். மெட்டு நம் பிள்ளைகளை வந்தடைந்துவிட்டது. எழுத்துக்கு அழைத்துச் செல்லும் அடுத்த படியை அமைப்பது நம் கடன்.