நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப் பிறந்த கதை

சென்னை பட்டினப்பாக்கத்தில் சீனிவாசபுரம் தாண்டி, அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை மணல்தான். தார் முடிகிற இடத்துக்கு அப்பால் காலி பிக்கப்பை இறக்கினால் என்ன ஆகும் என்பது அந்தப் பக்கத்து டிரைவர்களுக்குத் தெரியும். இன்ஜின் பாரம் முன்னால். இழுக்கும் வேலையோ பின் சக்கரத்துக்கு. சரக்கு இல்லாத பின் சக்கரம் மணலில் பிடி கிடைக்காமல் சுற்றும். டிஃபரன்ஷியலின் குணம் வேறு: எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறதோ, சுழற்சி எல்லாம் அதற்கே போய்விடும். முன் சக்கரங்கள் மணலைக் குவித்துக்கொண்டு முட்டுக்கட்டையாக நிற்கும்.

அந்த முன் சக்கரங்களையும் இழுக்க வைக்க வேண்டியதுதானே? கேட்பது சுலபம். முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஓட்டோ ஸாக்கோவும் வில்லியம் பெஸர்டிக்கும் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த மைத்துனர்கள். திரும்பும் சக்கரத்துக்கும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு ஒன்றுக்கு 1908-இல் காப்புரிமை வாங்கினார்கள். ஆனாலும் நாலு சக்கர இழுவை நெடுங்காலம் பட்டாளத்து லாரிகளோடு நின்றுவிட்டது. விவசாயிக்கும் மின்கம்பம் நடுபவருக்கும் கிடைத்தது சாதாரண பிக்கப்தான்.

அங்கேதான் மாற்றித் தருகிறவர்கள் நுழைந்தார்கள். 1931-இல் இண்டியானாபொலிஸில் தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி, சில ஆண்டுகளில் ஃபோர்டு வண்டிகளை வாங்கி நாலு சக்கர இழுவைக்கு மாற்றி விற்றது. நல்ல வேலை, ஆனால் விலை அதிகம். எனக்கு அதைவிடப் பிடித்தது மினியாபொலிஸின் நாப்கோ கம்பெனி செய்தது. 1950களின் நடுவில் ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகளுக்கென்றே ஒரு செட்டாக விற்றார்கள். கியர்பாக்ஸுக்குப் பின்னால், சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் ஒரு ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன்னால் புது ஆக்சில், நீளம் மாற்றிய ஷாஃப்டுகள். பெரும்பாலும் போல்ட் முடுக்கும் வேலை. கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், முன் ஆக்சிலுக்குள் போட்ட கிரவுன், பினியன் பல்சக்கரங்கள் ஜெனரல் மோட்டார்ஸின் பின் ஆக்சிலில் இருப்பதே. முன்னும் பின்னும் கிரவுன் விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். 1957-இல் ஷெவர்லேயே இந்தச் செட்டைத் தொழிற்சாலையில் மாட்டி விற்கத் தொடங்கியது. 1959-இல் ஃபோர்டு, 1960-இல் ஷெவர்லே, சொந்தமாக நாலு சக்கர பிக்கப் செய்தன. நாப்கோவின் அந்த வியாபாரம் முடிந்தது.

இந்தியாவில் கதை தலைகீழ். 1940களின் கடைசியில் மஹிந்திரா பூட்டி விற்ற வில்லீஸ் ஜீப் பிறவியிலேயே நாலு சக்கர இழுவை. பின்னால்தான் செலவைக் குறைக்க, முன் இழுவை இல்லாத ஜீப்புகளும் வந்தன. மலையோரத்து மெக்கானிக்குகள் பழைய முன் ஆக்சிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் தேடிப் பிடித்து, விட்டுப்போனதைத் திரும்ப மாட்டினார்கள். கிட்டத்தட்ட அதே சட்டகம் என்பதால் அது சாத்தியமாயிற்று. இன்றைய பிக்கப்பில் முன் சஸ்பென்ஷனே வேறு. அங்கே ஆக்சிலை நுழைப்பதென்றால் ஸ்டியரிங், பிரேக், உயரம் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். மாட்டி முடித்தாலும் சாந்தோம் நெடுஞ்சாலை மாதிரி கெட்டித் தாரில் நாலு சக்கரத்தைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரம் அதிகத் தூரம் ஓடும். பழைய பாணி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்காது.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. புதுப்பேட்டையில் தேடினால் முன் ஆக்சில் கிடைத்துவிடலாம். ஆர்சி புத்தகத்தில் அதற்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். நம்மூருக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையைத் தாண்டிய ஸ்ரீ சிட்டியிலேயே இசுஸு 2016 முதல் பிக்கப் செய்கிறது; வி-கிராஸில் நாலு சக்கர இழுவை தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. தினமும் மணலில் ஓட வேண்டியவர் அப்படி ஒன்றைப் பழையதாகவாவது வாங்குவது நல்லது. இருக்கிற வண்டியைத்தான் மாற்றுவேன் என்பவர், முன்பணம் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.